முலாம் பூசிய குண்டுக்கு எவ்வளவு மருந்து?

செம்பு முலாம் பூசிய ரிவால்வர் குண்டுகள் ஒரு பெட்டி வாங்கினால், அதன் மேல் குண்டின் விட்டம் அச்சிடப்பட்டிருக்கும், எடை இருக்கும், எண்ணிக்கை இருக்கும். அதைப் பித்தளைக் கூட்டில் பொருத்தித் தோட்டாவாக்க எவ்வளவு மருந்து, அதாவது வெடிமருந்து, போட வேண்டும் என்பது மட்டும் இருக்காது. தயாரிப்பாளரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஈயக் குண்டுக்கு உரிய அளவைப் பயன்படுத்துங்கள், அல்லது செம்புக் கவசக் குண்டுக்கு உரிய அளவில் நடுப்பகுதியில் நில்லுங்கள். பெர்ரிஸ் போன்ற பெரிய தயாரிப்பாளர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இந்தப் பதில் எனக்கு வெகு நாட்கள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். கைத்துப்பாக்கித் தோட்டாவில் வேகமாக எரியும் பல மருந்துகளுக்கு, மருந்தளவுப் பட்டியல் போடும் கையேடுகள் தரும் தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் இடையே ஒரு கிரெயின்கூட இருப்பதில்லை. கிரெயினில் பத்தில் ஒரு பங்கை நிறுத்துப் பார்க்கும் வேலையில் "ஏறக்குறைய நடுவில்" என்ற வழிகாட்டலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். வார இறுதியில் காகித இலக்குகளைச் சுடுவது என் பொழுதுபோக்கு. கையில் இருப்பது .357 மேக்னம் ரிவால்வர், அதில் சற்றுக் குட்டையான, அழுத்தம் குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம். சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, சுத்தம் செய்து, புதிய பிரைமர் (அடிபட்டதும் மருந்துக்குத் தீ வைக்கும் சிறு மூடி), புதிய மருந்து, புதிய குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதை இங்கே ரீலோடிங் என்பார்கள். சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள அமெரிக்க மத்தியச் சட்டத்தில் உரிமம் தேவையில்லை. விற்பதற்கென்று செய்தால்தான் தேவை. 2020, 2021 ஆண்டுகளில் கடைகளில் தோட்டா அலமாரிகள் காலியாகக் கிடந்தபோது பலர் இந்த வேலைக்குள் வந்தார்கள். அப்படி வந்தவர்கள் சீக்கிரமே முலாம் குண்டுகளிடம் போய்ச் சேர்கிறார்கள். கவசக் குண்டைவிட விலை குறைவு. வெறும் ஈயத்தைப் போலக் கையில் கறுப்பாக ஒட்டாது. குழலில் ஈயம் படியாது. குண்டின் அடிப்பக்கமும் செம்பால் மூடியிருப்பதால் சூடான வாயு ஈயத்தை நேரடியாகத் தொடாது. உள்ளரங்கச் சுடுதளங்களில் இது நல்ல விஷயம்தான், பிரைமரிலிருந்து வரும் ஈயம் அப்படியே இருக்கும் என்றாலும்.

மூன்று வகைக் குண்டுகளும் பார்வைக்கு உறவினர்கள். உள்ளே வேறு வேறு. கவசக் குண்டில், செம்பும் சிறிது துத்தநாகமும் கலந்த உலோகத்தைக் கிண்ணமாக இழுத்து அதற்குள் ஈயத்தை அழுத்தியிருப்பார்கள். அந்தக் கவசம் தடிமனானது, கடினமானது. வார்த்த ஈயக் குண்டில் ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்த்துக் கடினப்படுத்தி, மேலே மசகு தடவியிருப்பார்கள். முலாம் குண்டு செய்பவர்கள் மென்மையான ஈயத்தை அச்சில் அழுத்தி உருவாக்கி, மின்முலாம் தொட்டியில் போட்டு, செம்பு படிந்த பிறகு மறுபடி அச்சில் அடித்து அளவைச் சரிசெய்கிறார்கள். அந்தச் செம்பு தூய செம்பு, மென்மையானது, மெல்லியது. ஆகவே அது ஈயக் குண்டைப் போல வழுக்குவதும் இல்லை, கவசக் குண்டைப் போல அடியைத் தாங்குவதும் இல்லை. முலாம் முறையில் செய்வதெல்லாம் இப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்பியர் நிறுவனத்தின் கோல்ட் டாட் குண்டும் மின்முலாம் முறையில் உருவாவதுதான். ஆனால் அதன் செம்பு தடிமனாக ஈயத்தோடு பிணைந்திருக்கிறது. அதற்கான அளவுகளை அந்த நிறுவனமே சோதித்து வெளியிடுகிறது. "முலாம்" என்ற பெயரை மட்டும் பார்த்து ஒன்றின் அளவை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு பட்டியல்களுக்கு நடுவே

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் பெரியவர். கடைசல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் என் குழப்பத்தைச் சொன்னபோது அவர் எண் எதுவும் தரவில்லை. "கையேட்டில் அந்த எண்ணை எந்தக் குண்டை வைத்து அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள்" என்றார். அதுவரை நான் பட்டியலில் மருந்தின் பெயரையும் குண்டின் எடையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் அதே வரியில் இருந்த மற்றவை கண்ணில் பட்டன: எந்த நிறுவனத்தின் கூடு, எந்த பிரைமர், தோட்டாவின் மொத்த நீளம் எவ்வளவு, சோதனைக் குழலின் நீளம் எவ்வளவு. இவற்றில் ஒன்று மாறினாலும் அழுத்தம் மாறும். குண்டைச் சற்று ஆழமாக உட்காரவைத்தால் கூட்டுக்குள் இடம் குறைந்து அழுத்தம் ஏறும். அதே மருந்தை .38 கூட்டிலிருந்து .357 கூட்டுக்கு மாற்றினால், பின்னது எட்டில் ஒரு அங்குலத்துக்குச் சற்று அதிகமான நீளம் கொண்டது என்பதால், அழுத்தமும் வேகமும் இறங்கும்.

முலாம் குண்டுகளுக்கு ஏன் தனிப் பட்டியல் குறைவு என்பதற்கும் இதில்தான் விடை இருக்கிறது. ஓர் எண்ணை நேர்மையாக அச்சிட வேண்டுமென்றால், அழுத்தமானி பொருத்திய சோதனைக் குழலில் அந்தக் குண்டையே அந்த மருந்தோடு திரும்பத் திரும்பச் சுட்டு அளக்க வேண்டும். கவசக் குண்டு செய்யும் பெரிய நிறுவனங்களுக்கு அந்த ஆய்வகம் உண்டு. அவர்கள் தங்கள் குண்டுகளுக்கு மட்டும் கையேடு போடுகிறார்கள். அடுத்தவர் குண்டுக்கு அவர்கள் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? மருந்து நிறுவனங்கள் சில முலாம் குண்டுகளைச் சோதித்து அளவுகளை வெளியிட்டிருக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. கிடைக்காத இடத்தில்தான் சிக்கல். ரிவால்வர் தோட்டாக்களுக்கு அப்படிக் கிடைப்பது அரிது.

பெரியவர் தன் அலமாரியிலிருந்து 1970களில் வந்த கையேடு ஒன்றையும் காட்டினார். அதே மருந்து, அதே எடைக் குண்டு. ஆனால் உச்ச அளவு இன்றைய கையேட்டைவிட அதிகம். அன்று அழுத்தத்தை ஒரு சிறு செம்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்பதை வைத்து அளந்தார்கள். இன்று மின்னணு உணரி, நசுங்கும் செம்பால் பிடிக்க முடியாத நொடிநேர உச்சத்தையும் பதிவு செய்கிறது. முதல் முறையில் வந்த எண்ணை இரண்டாம் முறையின் எண்ணாக மாற்ற நேரான சூத்திரம் கிடையாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் மருந்தின் தயாரிப்பும் காலப்போக்கில் மாறியிருக்கலாம். அந்தக் கையேட்டை அவர் வைத்திருப்பது படிப்பதற்காக. அதைப் பார்த்து மருந்து நிறுப்பதில்லை.

குறைத்தால் ஆபத்தில்லை என்ற எண்ணம்

இந்த வேலையில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, சந்தேகம் வந்தால் மருந்தைக் குறைத்துவிடலாம் என்பது. கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. அழுத்தம் மிஞ்சினால் சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளை, வெடிக்கும். குறைந்தால் வேகம் குறையும், அவ்வளவுதானே? நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது சுடுதளத்தில் ஒரு சனிக்கிழமை பார்த்த காட்சி.

எனக்கு அடுத்த மேடையில் ஒருவர் .357 ரிவால்வரால் சுட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று வெடிகள் ஒழுங்காகக் கேட்டன. அடுத்ததில் வெடிச் சத்தத்துக்குப் பதிலாக "புஸ்" என்று ஓர் ஒலி. இலக்கில் புதிய துளை இல்லை. அவர் அதைக் கவனிக்காமல் சுத்தியலை மறுபடி பின்னுக்கு இழுத்தார். தளப் பொறுப்பாளர் "நிறுத்துங்கள்!" என்று கத்தியதில் மேடையில் இருந்த எல்லோருமே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டோம். ரிவால்வரைக் காலி செய்து, குழலின் முனை வழியாகப் பித்தளைக் கம்பியை விட்டுப் பார்த்தார்கள். கம்பி முழுதாக உள்ளே போகவில்லை. சிலிண்டரைத் தாண்டிக் குழலுக்குள் நுழைந்த குண்டு அங்கேயே நின்றுவிட்டிருந்தது. குழலிலும் சிலிண்டரிலும் எரியாத மருந்துத் துகள்கள் கொட்டிக் கிடந்தன. அடுத்த தோட்டா வெடித்திருந்தால், அடைபட்ட குழலுக்குள் இன்னொரு குண்டு போய் மோதியிருக்கும். குழல் வீங்கும், அல்லது பிளக்கும்.

அவர் கவனமில்லாதவர் அல்லர். உட்கார்ந்து பேசியபோது எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். மெதுவாக எரியும் மேக்னம் மருந்து ஒன்றைப் பயன்படுத்தினார். கையேட்டில் கவசக் குண்டுக்கு உரிய அளவு இருந்தது. முலாம் குண்டு விநாடிக்கு 1,250 அடிக்கு மேல் போகக் கூடாது என்று படித்திருந்தார். ஆகவே கையேட்டு அளவில் கால் பங்கைக் குறைத்துவிட்டார். "பாதுகாப்புக்காகத்தான் குறைத்தேன்" என்று அவர் சொன்னபோது அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் படித்த வரம்பு சரி. கையேட்டு எண்ணும் சரி. இரண்டையும் இணைத்த விதத்தில்தான் தோட்டா கெட்டது.

இந்த வகை மருந்துகளில் எல்லோருக்கும் தெரிந்தது ஹாட்ஜ்டன் என்னும் மருந்து நிறுவனத்தின் எச்110. வின்செஸ்டர் 296 என்று விற்பதும் அதே மருந்துதான். வெளியிடப்பட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள் என்று ஹாட்ஜ்டன் எச்சரிக்கிறது. இந்த மருந்து சீராக எரிய வேண்டுமென்றால் கூடு ஏறக்குறைய நிரம்பியிருக்க வேண்டும். முன்னால் கனமான குண்டு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். கூட்டின் வாயும் அதை இறுகப் பற்றியிருக்க வேண்டும். இடம் காலியாக இருந்தால் சில சமயம் தீ பரவுவதற்குள் பிரைமரின் விசையே குண்டைக் குழலுக்குள் தள்ளிவிடும். வாயு சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியே வெளியேறும். எரிதல் அங்கேயே சாகும். இதில் முலாம் குண்டைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முழு அளவு போட்டால் வேகம் முலாமின் வரம்பைத் தாண்டும். குறைத்தால் மருந்து ஒழுங்காக எரியாது. இந்தக் குண்டும் இந்த மருந்தும் சேர்வதற்குச் சரியான அளவு என்று ஒன்று இல்லவே இல்லை. எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. கிடைத்ததாக யாராவது எழுதியிருந்தால் எனக்கு அதைவிடப் பயம் தருவது வேறில்லை.

அன்று முதல் நான் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. எவ்வளவு வரை போகலாம் என்பதற்கு முன்னால், எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்று கேட்கிறேன். கையேட்டில் தொடக்க அளவு என்று போட்டிருப்பதைப் பலர் ஒரு மரியாதைக்காக இருக்கும் எண்ணாக நினைக்கிறார்கள். அது கீழ்வரம்பு. குறிப்பாக ரிவால்வரில், சிலிண்டர் இடைவெளி வழியே வாயு எப்போதும் கசிந்துகொண்டே இருப்பதால், மென்மையான அளவுகளில் கடினக் கவசக் குண்டு குழலிலேயே நிற்கும் வாய்ப்பு உண்டு. முலாம் குண்டு ஈயத்தைவிடச் சற்று அதிகமாக உராயும். எனவே ஈயத்துக்கு என்று போட்ட மிகக் குறைந்த அளவுக்கும் கீழே போய் இதைச் சுடுவது, குண்டு குழலில் நிற்குமா நிற்காதா என்று பந்தயம் கட்டுவதாகும்.

ஒரே ரிவால்வர், இரண்டு கூரைகள்

.38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் ஒரே துளையில் நுழைவதால் இரண்டுக்கும் ஒரே விதமாக யோசிக்கிறோம். அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான சாமி (SAAMI), .38 ஸ்பெஷலுக்கு வைத்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357க்கு 35,000. இரண்டு மடங்குக்கு மேல். வழக்கமான 158 கிரெயின் .38 தோட்டா நான்கு அங்குலக் குழலிலிருந்து விநாடிக்குச் சுமார் 750 அடி வேகத்தில்தான் போகிறது. முலாமின் 1,250 அடி வரம்பு அதற்கு எட்டாத உயரம். அங்கே நாம் முட்டப்போவது அழுத்தக் கூரையில். .357இலோ நிலைமை தலைகீழ். அதே எடைக் குண்டு தொழிற்சாலைத் தோட்டாவிலேயே 1,200 அடியைத் தாண்டுகிறது. இலேசான 125 கிரெயின் குண்டு 1,400ஐயும் தாண்டும். துப்பாக்கி தாங்கும், குண்டு தாங்காது. குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் சுருள் பள்ளங்களில் மெல்லிய முலாம் கிழிந்து ஈயத்திலிருந்து பிரிந்தால் குறி சிதறும். செம்புத் துணுக்கு குழலில் தங்கிப்போனால் அடுத்த வெடிக்கு அதுவே அடைப்பு.

இன்னொன்று: அழுத்தம் மிஞ்சியிருக்கிறதா என்று சுட்ட பிரைமரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்கள் ஏராளம். ரைஃபிள் தோட்டாவில் அது ஓரளவு பேசும். .38இல் அது ஊமை. பிரைமர் தட்டையாவதும், கூடு சிலிண்டரில் ஒட்டிக்கொள்வதும் 17,000 பவுண்டைவிட மிகவும் மேலேதான் தொடங்குகின்றன. அடையாளம் தெரியும்போது வரம்பு எப்போதோ பின்னால் போயிருக்கும். அதனால்தான் நான் குரோனோகிராஃப் என்னும் வேகமானி வாங்கினேன். வேகம் அழுத்தத்தை நேரடியாகச் சொல்லாது. ஆனால் இலவசமாக வேகம் கிடைக்காது. கையேடு சொல்லும் வேகத்துக்கு மேல் என் குட்டைக் குழலில் வந்தால், எங்கேயோ அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள். ஒரே அளவில் ஏற்றிய தோட்டாக்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்ட வேகம் காட்டினால் மருந்து ஒழுங்காக எரியவில்லை. .38 கூடு முதலில் அதிக இடம் பிடிக்கும் பழைய கரும்மருந்துக்காக உருவானது. இன்றைய மருந்து அதில் ஒரு மூலையில்தான் கிடக்கிறது. குழலை மேல்நோக்கித் தூக்கிவிட்டுச் சுட்டால் ஒரு வேகம், கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டுச் சுட்டால் இன்னொரு வேகம் வருவதை அந்தக் கருவி எனக்குக் காட்டியது. அதே காரணத்தால்தான் தவறி இரண்டு முறை மருந்து விழுந்தாலும் கூடு வழியாது. குண்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டிலும் விளக்கடித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அப்படியானால் பட்டியல் இல்லாத குண்டுக்கு என்ன செய்கிறேன்? .38க்கு மட்டும் சொல்கிறேன். குறைந்தது இரண்டு வெவ்வேறு புதிய கையேடுகளில், அதே எடைக்கும் ஏறக்குறைய அதே வடிவத்துக்கும் உரிய ஈயப் பட்டியலையும் கவசப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். தொடக்கத்துக்கும் உச்சத்துக்கும் நடுவே அகலமான இடம் உள்ள, குறைந்த அழுத்தத்திலும் சீராக எரியும் மருந்தையே தேர்ந்தெடுக்கிறேன். இரண்டு பட்டியல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதி இருந்தால் அதன் கீழ்ப்பக்கத்தில் தொடங்குகிறேன். அப்படி ஒரு பகுதியே இல்லையென்றால் அந்த மருந்தை விட்டுவிடுகிறேன். சில தோட்டாக்கள் மட்டும் செய்து, ஒவ்வொன்றாகச் சுட்டு, இலக்கில் துளை விழுந்ததைப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போகிறேன்.

கூட்டின் வாயை மடித்துக் குண்டைப் பிடிக்கவைக்கும் கட்டத்தையும் சொல்ல வேண்டும். கவச ரிவால்வர் குண்டுகளில் மடிப்பு உட்கார ஒரு பள்ள வளையம் இருக்கும். முலாம் குண்டுகளில் பெரும்பாலும் இருக்காது. அழுத்தி மடித்தால் பித்தளை விளிம்பு முலாமை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட முலாம் குழலில் உரிந்துகொள்ளும். மெதுவாக மடித்தாலோ, பின்னுதைப்பில் மற்ற தோட்டாக்களின் குண்டுகள் கூட்டிலிருந்து முன்னால் நழுவும். நழுவியது சிலிண்டருக்கு வெளியே நீட்டினால் ரிவால்வர் சுழலாது. எனவே ஒரு தோட்டாவைச் செய்ததும் அதைப் பிரித்து, குண்டின் மேல் வெட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பிறகு சிலிண்டரை நிரப்பி, ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைச் சுட்டு, மிஞ்சியதன் நீளத்தை மறுபடி அளக்கிறேன். இரண்டு சோதனைகளுமே பட்டியலில் வராதவை. மருந்தளவைப் போலவே முக்கியமானவை.

இவ்வளவு எழுதியும் மருந்தின் எடை ஒன்றைக்கூட இங்கே சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். என் குண்டு, என் கூடு, என் பிரைமர், என் ரிவால்வர் இவற்றோடு சேர்த்தால்தான் என் எண்ணுக்குப் பொருள். தனியாக எடுத்துச் சென்றால் அந்த எண் யாரோ ஒருவருடைய குழலுக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று என்னால் சொல்ல முடியாது. குண்டு விற்பவர்களிடம்தான் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டே இரண்டு மருந்துகளையாவது ஆய்வகத்தில் சோதிக்கவைத்து, தொடக்க அளவையும் உச்ச அளவையும் பெட்டியோடு ஒரு தாளில் போட்டுக் கொடுங்கள். விலையில் அதற்காகச் சில சென்ட் ஏறினால் நான் மகிழ்ச்சியாகக் கொடுப்பேன். அதுவரை .357 கூட்டில் கவசக் குண்டை மட்டுமே வைக்கிறேன். முலாம் குண்டுகள் என்னிடம் .38 கூட்டைத் தாண்டிப் போவதில்லை.